அப்பா கை தூக்காத கல்

ஹார்டிவேல், மானிட்டோபா
ஜனவரி 30

அன்புத் தம்பி ரோமனுக்கு,

சனிக்கிழமை நான் அப்பாவிடம் சொல்லாமல் விட்டது இதுதான்: "அப்பா, கடைசிக் கல் உங்க கால்ல பட்டுச்சு."

கர்லிங் ஆடும் ரிங்க்கில் வைத்துச் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து இரண்டு அணிக்காரர்களும் மாடியில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தபோதும் சொல்லவில்லை. வீடு திரும்ப வண்டியில் ஏறி, என்ஜின் சூடேறட்டும் என்று காத்திருந்த நேரத்தில் அப்பா என் பக்கம் திரும்பி, "என்னம்மா, பேச்சையே காணோம்?" என்று கேட்டார். "குளிருதுப்பா" என்றேன். அது பொய்யில்லை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

இதை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். நீ அதை சூப்பைக் கிண்டிக்கொண்டே படித்துவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமல் அப்பாவுக்குப் போன் போடுவாய். கடிதமென்றால் அது நீ சமையல் செய்யும் சுரங்க முகாமுக்கு விமானம் ஏறி வர வேண்டும், நீயும் அதைப் படிக்க எங்காவது ஓர் இடம் பார்த்து உட்கார வேண்டும். எனக்கும் எழுதினால்தான் யோசிக்க வரும் என்பது உனக்குத் தெரியும்.

நான் நலம். வீட்டுக் குழாய் இந்த வருடம் இன்னும் உறையவில்லை. நீ கேட்ட கம்பளிக் காலுறைகளைத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். அம்மா கால்கரியிலிருந்து வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தாள், அவளுடைய புதுக் கணவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்பா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இவன் எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டினார்.

நவம்பரில் அப்பாவுக்கு அறுபத்தைந்து ஆனபோது நீ போனில் பாடினாய். அதன்பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. அப்பாவின் கர்லிங் அணிக்காரர்கள் கார்னெட், லாயிட், பீட் மூன்று பேரும் கேக்கோடு வந்தார்கள். கேக்கின் மேல் கிரீமால் "ஒருவழியாக" என்று மட்டும் எழுதியிருந்தது. கார்னெட் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கி, "சீக்கிரம் கெழவனாகித் தொலைடான்னு எத்தனை வருஷமா கெஞ்சிட்டிருக்கேன். இன்னிக்குத்தான் மனசு வந்துச்சா உனக்கு?" என்றார். அவர் சொன்னது முழுக்க வேடிக்கையில்லை. மூத்தோர் போட்டியில் அணியின் நால்வருக்கும் அறுபத்தைந்து முடிந்திருக்க வேண்டும். கார்னெட்டுக்கு ஒன்பது வருடங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. அப்பாவை விட்டுவிட்டு வேறு யாரையாவது சேர்த்துக்கொண்டு அவர்கள் எப்போதோ போயிருக்கலாம். பக்கத்து ஊர் பிர்ச் கிரீக்கில் இரண்டு பேர் தயாராகவும் இருந்தார்கள். கார்னெட் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த நால்வரும் சேர்ந்து போவது, இல்லையென்றால் போகாமலிருப்பது என்று இருந்துவிட்டார். உலகத்தில் வேறெங்காவது ஒரு மனிதர் வயதாவதற்காக மூன்று நண்பர்கள் இப்படி வாசலில் காத்திருந்திருப்பார்களா என்று தெரியவில்லை.

அப்பாவுக்கோ வயதானது பிடிக்கவில்லை, கர்லிங் விஷயம் ஒன்றைத் தவிர. எங்கள் மருந்துக்கடையில் மாதத்தின் முதல் செவ்வாய் மூத்தோர் தள்ளுபடி நாள். டிசம்பரிலும் ஜனவரியிலும் அப்பா தன் சர்க்கரை மாத்திரையை வாங்கச் சரியாகப் புதன்கிழமை வந்தார். "நேத்து வந்திருந்தா குறைச்சிருப்போமே மிஸ்டர் மெல்னிச்சுக்" என்று முதலாளியம்மா சொன்னதற்கு, "நேத்து கெழவங்க கூட்டமா இருந்திருக்குமே" என்றார். கல்லாவில் நின்றிருந்த நான் சிரிக்காமல் பையை நீட்டினேன். கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது: யார் என்ன வாங்குகிறார்கள் என்பதை முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. இந்த ஊரில் யாருக்கு எந்த உறுப்பு ஓய்ந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே நான் அதிகம் பேசாதவள் ஆகிவிட்டேனோ என்னவோ.

உன் சமையலறையில் காய் நறுக்கும் ரெனாட்டோ, கர்லிங் என்றால் என்ன என்று கேட்டதற்குப் பனியைப் பெருக்கும் விளையாட்டு என்று சொன்னாயாம். அவருக்குக் கொஞ்சம் ஒழுங்காகச் சொல். ஒருவர் கைப்பிடி வைத்த கனமான கல்லைப் பனித்தரையில் சறுக்கி விடுகிறார். அவர் அணியில் இரண்டு பேர் கல்லுக்கு முன்னால் ஓடி ஓடிப் பிரஷ்ஷால் தரையைத் தேய்க்கிறார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும். மறுமுனையில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவுக்கு யார் கல் கிட்டத்தில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. அவருக்கு விசித்திரமாகப் படப்போவது வேறொன்று. எங்கள் ஊர் ஆட்டங்களில் நடுவர் கிடையாது. ஓடுகிற கல் தேய்ப்பவரின் காலிலோ பிரஷ்ஷிலோ பட்டுவிட்டால், பட்டவரே கை தூக்கிச் சொல்ல வேண்டும். அந்தக் கல் இருக்கலாமா கூடாதா என்பதை எதிரணித் தலைவர் சொல்வார். வேறு யாரும் வாய் திறப்பதில்லை, கண்ணால் பார்த்தவர்கள்கூட.

அப்பா கை தூக்கிய கதை உனக்கும் தெரிந்ததுதான். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வட்டார இறுதி ஆட்டத்தில் யார் கண்ணிலும் படாத ஒன்றுக்குக் கை தூக்கினார். அவர்கள் தோற்றார்கள், லாயிட் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த வாரம் முழுவதும் அப்பா நன்றாகத் தூங்கினார் என்று அம்மா சொல்வாள், அதில் பாதி புகார்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். வட்டார இறுதி ஆட்டம், பிர்ச் கிரீக் அணியோடு. ஜெயிப்பவர்கள் மாகாணப் போட்டிக்குப் போகலாம். நம் ஆட்கள் ஆடுவதை நீ பார்த்திருக்க வேண்டும். கார்னெட்டுக்குக் கண்ணின் நடுப்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. எதிரே லாயிட் நிறுத்திப் பிடிக்கும் பிரஷ்தான் அவருக்குக் குறி, அது தெரியாததால் லாயிட் அதன் தலையில் ஓர் ஆரஞ்சு நிறக் கையுறையை மாட்டிக்கொள்கிறார். பீட்டுக்குக் காது கேட்காது. எனவே கத்திப் பயனில்லை, லாயிட் கையை ஆட்டியே தேய்க்கவும் நிறுத்தவும் சொல்கிறார். லாயிட்டுக்கு முதுகுவலி. எதிரணிக்காரர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "உங்க நாலு பேரையும் சேத்தா ஒரு முழு ஆள் தேறுமா?" என்று கேட்டார். "தேறும். எங்க ஓரெஸ்ட் இருக்கான்ல. அவன் புத்தம் புதுக் கெழவன், இன்னும் ஒரு பார்ட்டும் மாத்தல" என்றார் கார்னெட். அப்பா குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சிரித்தார்.

கடைசிச் சுற்றில் புள்ளிகள் சமமாக இருந்தன. பிர்ச் கிரீக்கின் கல் ஒன்று வட்டத்தில் நன்றாக உட்கார்ந்திருந்தது. கார்னெட்டின் கையில் கடைசிக் கல். அதைவிட உள்ளே போய் நின்றால் ஜெயிப்பது நாம். அவர் விட்டார். பீட் ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமுமாகத் தேய்த்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார்கள். நான் வட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிச் சுவரின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். லாயிட் கல்லின் திசையைப் பார்த்தார். பிர்ச் கிரீக்கின் தலைவர் எட்வின் ரைமர் தன் கல்லையும் வருகிற கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பீட் தன் பிரஷ்ஷைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில வாரங்களாகவே அவர் படி இறங்கும்போது குனிந்து காலைப் பார்த்துப் பார்த்து இறங்குவதைக் கவனித்திருந்தேன்.

அதனால் எனக்குத் தெரிந்தது. வட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய இடது கால் பின்தங்கியது, கல்லின் பக்கவாட்டில் உரசியது, விலகியது. கல் மெல்ல வந்து எட்வினின் கல்லைத் தாண்டி உள்ளே நின்றது. லாயிட் பிரஷ்ஷை மேலே எறிந்தார். கார்னெட், தனக்குச் சரியாகத் தெரியாத அந்த வட்டத்தை நோக்கி அத்தனை நீளத்தையும் நடந்து வந்து, "உள்ளயா? உள்ளயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்பாவின் கைக்காக நான் காத்திருந்தேன். அது மேலே வந்தது, எட்வினோடு குலுக்குவதற்கு.

ரோமன், அந்த நிமிடம் எனக்குள் ஓடியதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். அப்பா தெரிந்தே மறைத்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். அடுத்ததாக, அவருக்குப் பட்டதே தெரியவில்லை என்பது புரிந்தது. அப்போது, அவர் மறைத்ததாகவே இருந்துவிடக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். நம் அப்பா ஏமாற்றுக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, அவர் கால் அவருடையதாக இருக்கட்டும் என்று.

மாடியில் வழக்கப்படி ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்தார்கள். எட்வின் நல்ல மனிதர். "அந்தக் கல்லு வந்து நின்ன அழகுக்கே நாங்க தோத்தது சரி" என்றார். கார்னெட் கோப்பையைத் தொடவே இல்லை, மேஜையைச் சுற்றி ஒவ்வொருவர் முகத்தையும் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு முகங்கள் அப்படித்தான் தெரிகின்றன. அந்த மேஜையில் உட்கார்ந்துகொண்டு நான் எதைச் சொல்ல? கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் சொல்லும் விஷயமும் இல்லை அது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும் அப்பா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினார். இடது காலுறையின் நுனியில் ஒரு டாலர் நாணயம் அகலத்துக்குக் கறை. பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து தோல் வெள்ளையாகச் சுருண்டிருந்தது. கால் எப்போதும் சில்லென்று இருப்பதாகச் சொல்லி, உலுக்கினால் சூடு தரும் சின்னப் பொட்டலத்தை ஷூவுக்குள் போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறார். அது உள்ளே சுட்டிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை.

"வலிக்கலையாப்பா?"

"வலிச்சா சொல்ல மாட்டேனா?"

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு எங்கள் கடையில் கொடுக்கும் தாளில் ஓர் எளிய சோதனை போட்டிருக்கும். நூறு பேருக்காவது நான் அதை மடித்துப் பையில் வைத்திருப்பேன். அப்பாவின் பையிலும் வைத்திருப்பேன். வீட்டில் செய்து பார்க்கத் தோன்றவில்லை. அம்மா போன பிறகு அந்த மனிதரின் பாதத்தை யாரும் பார்த்ததில்லை. ஒருவர் பாதத்தை இன்னொருவர் பார்ப்பதற்கு வேறு காரணம் என்ன இருக்கிறது?

முட்டி போட்டு உட்கார்ந்து, "கண்ண மூடிக்குங்க. நான் தொடும்போதெல்லாம் சொல்லுங்க" என்றேன்.

"எதுக்கு? இன்னொரு கேக் குடுக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்.

சுண்டுவிரலைத் தொட்டேன். அடுத்த விரலை. அதற்கடுத்ததை. பெருவிரலில் என் விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆரம்பிம்மா. ஞாயித்துக்கிழமை பூரா இப்படியே உக்கார வெக்கப் போறியா?" என்றார்.

பிறகு கண்ணைத் திறந்தார். தன் கால்மேல் இருந்த என் கையைப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எத்தனை நாளா இப்படி?" என்று என்னைக் கேட்டார்.

"அது உங்களுக்குத்தானேப்பா தெரியும்."

"தெரிஞ்சிருந்தா உன்னக் கேப்பனா?"

நான் படித்த நாவல்களில் வயதானவர்கள் ஒன்று தத்துவம் பேசுகிறார்கள், அல்லது ஜன்னலோரம் உட்கார்ந்து இலையுதிர்வதைப் பார்க்கிறார்கள். தன் உடம்பைப் பற்றிய செய்தியைத் தன் மகளிடம் விசாரிக்க வேண்டியிருக்கும் என்று எந்தப் பக்கத்திலும் படித்த நினைவில்லை. முதுமை என்பது பிறந்தநாள் அல்ல, செவ்வாய்க்கிழமைத் தள்ளுபடியும் அல்ல. நமக்கு நடப்பது நமக்கே கடைசியாகத் தெரிய வருவது. அப்பா முதியவர் ஆனது அந்த நாற்காலியில்தான் என்று எனக்குத் தோன்றியது.

அவர் மனம் போனது வேறு இடத்துக்கு. "சனிக்கிழமை" என்றார். அப்புறம், "நீ கண்ணாடி ஓரமாத்தான உக்காந்திருந்த?"

"ஆமாப்பா."

"பட்டுச்சா?"

"பட்டுச்சு. கடைசிக் கல்லு. இடது கால்."

"பலமாவா?"

"லேசாத்தான். அதனால ஒண்ணும் மாறின மாதிரி தெரியல."

"அத நீயோ நானோ சொல்லக் கூடாது. எட்வின் சொல்லணும்" என்றார். நான் ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. நான் மருந்து போட்டுக் கட்டிவிடும் வரை காலை நீட்டிக்கொண்டிருந்துவிட்டு, "கார்னெட்கிட்ட எப்படிம்மா சொல்றது?" என்றார். தன் காலைப் பற்றி அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மாலை மூவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். நான் அரிசியை இலையில் சுருட்டி வேகவைக்கும் ஹொலுப்சி செய்திருந்தேன். முட்டைக்கோஸ் இலை கொஞ்சம் கிழிந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் அப்பா விஷயத்தைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

லாயிட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "கை குலுக்கியாச்சு. கை குலுக்கிட்டா ஆட்டம் முடிஞ்சுது. விதிப் புத்தகத்துல இருக்கு" என்றார்.

"இருக்கு" என்றார் அப்பா.

"அப்புறம் என்னடா உனக்கு?"

"அந்தப் புத்தகத்த எழுதினவன், தேய்க்கிறவனுக்குக் காலு மரத்துப் போயிருக்கும்னு நெனச்சு எழுதல. பட்டவனுக்குத் தெரியும்னு நெனச்சு எழுதியிருக்கான்."

பீட்டுக்கு லாயிட் காதருகே குனிந்து எல்லாவற்றையும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பீட் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குக் காது போய்ப் பத்து வருஷம் ஆச்சு. நான் யாரையாச்சும் கூப்பிட்டுச் சோறு போட்டுச் சொன்னனா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாயிட்டுக்கு வரவில்லை. அப்பாவைப் பார்த்து, "அன்னிக்கும் இதையேதான் பண்ண. இப்பவும் இதையேதான் பண்ற. நல்லவன்னு பேர் வாங்கறதுக்கு எங்க மூணு பேர் முதுகுதான் கெடச்சுதா உனக்கு?" என்றார். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பாவும் மறுக்கவில்லை.

கார்னெட் தலையைச் சாய்த்து அப்பாவின் முகத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உன்னப் பெத்தவ ஒம்பது மாசந்தான் காத்திருந்தா. நான் உனக்காக ஒம்பது வருஷம் காத்திருந்தேன்."

"தெரியும்."

"அடுத்த வருஷம் அந்த ஆரஞ்சுக் கையுறை எனக்குத் தெரியாது. டாக்டர் சொல்லிட்டாரு."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்ற."

"ஆமா" என்றார் அப்பா. "நீ வேணாம்னு சொன்னா நான் சொல்லல கார்னெட். நீதான் தலைவன். ஆனா மாகாணப் போட்டிக்கு வந்து நின்னு என்னால தேய்க்க முடியாது. இனிமே எந்தக் கல்லு படுது, எது படலன்னு எனக்கே தெரியாதே."

அடுப்பின் மேல் கெண்டி கொதித்தது. நான் எழுந்து அணைத்தேன். கார்னெட் தன் தட்டை என் பக்கம் தள்ளி, "டார்யா, இன்னும் ரெண்டு வை. வெறும் வயித்தோட எட்வின்கிட்ட பேச முடியாது" என்றார்.

இரண்டையும் முழுதாகச் சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் போனைக் கேட்டார், எண்ணை நான் அழுத்திக் கொடுத்தேன். அப்பா தானே பேசுவதாகச் சொன்னதற்கு, தலைவன்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். "எட்வின், கார்னெட் பேசறேன். சனிக்கிழமை அந்தக் கடைசிக் கல்லு எங்க ஆளு கால்ல பட்டிருக்கு. அவனுக்குக் காலுல உணர்ச்சி இல்ல, அது அவனுக்கே நேத்துதான் தெரிஞ்சுது. அப்பவே சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பன்னு யோசிச்சுச் சொல்லு. நீ சொல்றதுதான்" என்றார். பிறகு எட்வின், தன் ஆட்களிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

லாயிட் விடைபெறாமல் கிளம்பினார். கதவுவரை போய், பூட்ஸை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே அப்பாவிடம், "நாளைக்கு டாக்டருக்குப் போன் போடு. காலு போச்சுன்னா உன்னத் தூக்கிச் சுமக்க எனக்கு முதுகு கெடையாது" என்றார்.

இன்று செவ்வாய். எட்வின் இன்னும் கூப்பிடவில்லை. அவர் அந்தக் கல் அப்படியே இருக்கட்டும் என்றும் சொல்லலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு. போன் அடிக்கும்போதெல்லாம் அப்பா என்னை எடுக்கச் சொல்கிறார். காலையில் டாக்டரின் உதவியாளரோடு பேசி பிராண்டனில் கால் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அப்பா ஒப்புக்கொண்டார். நான் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக ஒப்புக்கொண்டார், அதுதான் எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இது கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிடு. காலைப் பற்றிக் கேட்காதே. நான் எழுதினேன் என்றும் சொல்லாதே. ஆட்டம் எப்படிப் போச்சுப்பா என்று மட்டும் கேள். அவரே சொல்லட்டும். சொல்லும்போது குறுக்கே போகாதே, பரவாயில்லை என்று சொல்லாதே, வைத்தியம் சொல்லாதே. உன் ரொட்டி உப்பவில்லை என்றுகூடச் சொல்லாதே. ஏப்ரலில் உன் வேலை முடிந்ததும் இந்த ஒருமுறை வேறெங்கும் போகாமல் வீட்டுக்கு வா. இருட்டில் வண்டி ஓட்ட எனக்குப் பயம், பகலில் வந்து இறங்குகிற மாதிரி பார்த்துக்கொள். அழைத்துப்போக விமான நிலையத்துக்கு நான்தான் வருவேன், அப்பா ஏன் வரவில்லை என்று அங்கேயே கேட்டுவிடாதே. இந்த வீட்டுப் படிகள் எனக்கு இப்போது உயரமாகத் தெரிகின்றன.

நீ குளிரில் தொப்பி போடாமல் வெளியே வருவதாக ரெனாட்டோவிடமிருந்து எனக்குச் செய்தி வராது என்று நினைத்துக்கொண்டிருக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள். உன் கையும் காலும் உன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

என்றும் உன் அக்கா,
டார்யா

ஹார்டிவேல்
பிப்ரவரி 22

அன்பு ரோமன்,

நீ கூப்பிட்டதற்கு நன்றி. அப்பா என்னிடம், "ரோமன் பேசினான். எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவன் நடுவுல ஒரு வார்த்தை பேசல. அவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா, கேளு" என்றார். நீ நலம் என்று சொல்லிவிட்டேன்.

எட்வின் அந்த வியாழக்கிழமையே கார்னெட்டைக் கூப்பிட்டார். தன் ஆட்களில் இரண்டு பேர் விட்டுவிடலாம் என்றார்களாம். ஆனால் சனிக்கிழமை அந்தக் கை மேலே வந்திருந்தால் கல்லை எடுத்திருப்பேன், இன்று வேறு மாதிரிச் சொன்னால் அது பொய் என்றார். "நானா இருந்தாலும் எடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு கார்னெட் போனை வைத்தார். அதைச் சொல்ல அவரே நம் வீட்டுக்கு நடந்து வந்தார். அப்பாவும் அவரும் சமையலறையில் உட்கார்ந்து வானொலியில் கோதுமை விலை கேட்டார்கள்.

மாகாணப் போட்டி நேற்றுக் காலை தொடங்கியது. பிர்ச் கிரீக் அணி போனது. அதே நேரம் நாங்கள் பிராண்டனில் கால் மருத்துவரின் அறையில் இருந்தோம். புண் ஆறிவிடும் என்றார் அவர். இரண்டு பாதங்களிலும் போன உணர்ச்சி திரும்பாது என்றார். இனி அப்பா பனித்தரையில் இறங்கக் கூடாது, வண்டியும் ஓட்டக் கூடாது.

போகும்போதும் வரும்போதும் வண்டி ஓட்டியது லாயிட்.

டார்யா